மூலக்கூறுக்குப் பெயர் சொல்லும் சாஃப்ட்வேர்: காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மஞ்சளில் இருக்கும் குர்குமினை வைத்து ப்ராஜெக்ட். தயாரித்த சேர்மங்களுக்கெல்லாம் ஐயூபேக் பெயர் (உலக வேதியியல் அமைப்பின் விதிப்படியான பெயர்) எழுத வேண்டுமாம். படம் வரைந்தால் கம்ப்யூட்டரே பெயர் சொல்லும் என்கிறாள். ரிச்சி தெருவில் ஒரு கடையில் அப்படிப்பட்ட கெம்டிரா என்ற சாஃப்ட்வேரை 1,500 ரூபாய்க்கு, ‘லைஃப்டைம்’ என்று சொல்லி பென் டிரைவில் தருகிறார்கள். வாங்கலாமா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம் சார். அப்படி வருவது பூட்டு உடைத்த காப்பி. பில் கிடைக்காது, வைரஸ் புகுந்து தீசிஸ் ஃபைல் போனாலும் யாரையும் கேட்க முடியாது.

முதலில் கைடிடம் கேட்கச் சொல்லுங்கள். பல கல்வி நிறுவனங்கள் மொத்தமாக லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கின்றன. கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் மாணவர்களே இறக்கிக்கொள்ளலாம். அது இல்லையென்றால் ஏசிடி நிறுவனத்தின் கெம்ஸ்கெட்ச் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, படிப்புக்கு இலவசம். 50 அணு, 3 வளையம் வரையுள்ள மூலக்கூறுகளுக்குப் பெயர் தரும். குர்குமினில் 47 அணு, 2 வளையம், அடங்கிவிடும். மகள் அதில் பெரிய தொகுதி எதையாவது சேர்த்திருந்தால் எல்லை தாண்டலாம். காசு செலவழிப்பதைப் பற்றி அப்போது யோசித்தால் போதும், அதுவும் தயாரித்த நிறுவனத்திடமே. பெயரிடும் வசதி எல்லாப் பதிப்பிலும் இருப்பதில்லை, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்த சாஃப்ட்வேரானாலும் வரைந்த படத்துக்குத்தான் பெயர் சொல்லும். குர்குமினை இரண்டு கீட்டோன்களோடு (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புள்ள தொகுதிகள்) வரைந்தால் பெயர் ‘டைஓன்’ என்று முடியும். கரைசலில் அது பெரும்பாலும் ஈனால் வடிவில்தான் (ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி, ஒரு கீட்டோன் ஓஎச் தொகுதியான வடிவம்) இருக்கிறது. அப்படி வரைந்தால் வேறு பெயர். எதை எழுதுவது என்று கைடிடம் பேசி முடிவு செய்யட்டும். இரட்டைப் பிணைப்பின் இரு முனையிலும் உள்ள முக்கியத் தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கமா, ஒரே பக்கமா என்று சொல்லும் ‘ஈ’, ‘இசட்’ குறியும் படத்தில் கோடு போகும் திசையைப் பார்த்துத்தான் வருகிறது, அதனால் அவசரமாக வரையக் கூடாது.

அப்புறம், வந்த பெயரை அப்படியே ஒட்டிவிட வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஆப்சின் என்ற இலவசக் கருவி, பெயரைக் கொடுத்தால் கட்டமைப்பைத் தரும். அதில் போட்டு, கிடைத்த கட்டமைப்பின் இன்ச்சி கீயை (கட்டமைப்பிலிருந்து கணக்கிடும் 27 குறி அடையாளம்) தன் படத்தின் கீயோடு ஒப்பிடட்டும். 27 குறிகளும் ஒத்துப்போனால் பெயர் அந்த மூலக்கூறுக்கு உரியதுதான். ஒரு மூலக்கூறுக்குச் சரியான பெயர்கள் பல இருக்கலாம்; ஐயூபேக் 2013 பரிந்துரைப்படி அவற்றில் இது முதன்மைப் பெயரா என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது, அதை ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.

காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால், வெளியிடாத கட்டமைப்புகளை இணையக் கருவிகளில் போட வேண்டாம். ஆப்சினை இறக்கி சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம்.