எண்பது வயதுக்காரர்களின் பிறந்த தேதி

அன்புள்ள அக்கா,

ராணிப்பேட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். வேலூரில் ஒரு லேபுக்குப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் பைத்தான். ஆரம்பத்தில் எல்லா ரிப்போர்ட்டிலும் 1970 ஜனவரி என்று வந்தது, ஆயிரத்தால் பெருக்கினோம், சரியாகிவிட்டது. அப்புறம் பிறந்த தேதி எல்லாருக்கும் ஒரு நாள் முன்னால் போனது, ஐந்தரை மணி நேரம் கூட்டினோம், அதுவும் சரியானது. ஆனால் சிலருக்கு மட்டும் இன்னும் ஒரு நாள் குறைவாகவே வருகிறது. எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எண்பது வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். டாக்காவிலிருந்து ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே கதை. டைப்பிங் மிஸ்டேக்காக இருக்கும், கையாலேயே திருத்திவிடு என்கிறார் எங்கள் சீனியர். டேட்டாபேஸில் பிரவுசர் அனுப்பிய அந்த நீள எண் அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், ராணிப்பேட்டை

அன்புள்ள தம்பி,

கையால் திருத்த வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். டைப்பிங் மிஸ்டேக் என்றால் எல்லா வயதிலும் வரும், தேதி முன்னாலும் போகும் பின்னாலும் போகும். ஒரே பக்கமாக, அதே ஒரு நாள், அதே வயதுக்காரர்களுக்கு மட்டும் விலகுகிறது என்றால் எங்கேயோ ஒரு கணக்கு ஒழுங்காகத் தப்பு செய்துகொண்டிருக்கிறது. வயதைக் கவனித்து எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1942 செப்டம்பர் தொடங்கி 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் (யுடிசி) இருந்த வித்தியாசம் வழக்கமான ஐந்தரை இல்லை, ஆறரை மணி நேரம். இது இன்றைய பிரவுசர்களுக்குத் தெரியும். கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவில் ஆசியா/கொல்கத்தா என்ற தலைப்பின் கீழ் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது, 1906க்கு முன்னால் இருந்த மெட்ராஸ் நேரம் கூட, 5 மணி 21 நிமிடம் 10 வினாடி என்று, இருக்கிறது. ஆக, உங்கள் லேப் கவுண்டரில் இருக்கும் பெண் 1943 ஆகஸ்ட் 15 என்று தேதியைத் தேர்ந்தெடுத்ததும் ஜாவாஸ்கிரிப்ட் அதை அன்றைய நள்ளிரவாக எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து ஆறரை மணி நேரத்தைக் கழித்து, ஆகஸ்ட் 14 மாலை 5.30 என்று பொது நேரத்துக்கு மாற்றி, 1970 ஜனவரி 1லிருந்து எத்தனை மில்லி வினாடி என்று எண்ணாக்கி அனுப்புகிறது. சர்வரில் நீங்கள் ஐந்தரை மணி நேரம்தான் கூட்டுகிறீர்கள். இரவு 11 மணிக்கு வந்து நிற்கிறது, தேதி இன்னும் 14தான். மற்றவர்களுக்கு மாலை 6.30 என்று போய் ஐந்தரையைக் கூட்டியதும் சரியாக நள்ளிரவைத் தொட்டுவிடுவதால் கணக்கு சரியென்று தோன்றிவிட்டது.

டாக்காக்காரர்களுக்கும் இதேதான். அவர்கள் நேரம் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தால் அவர்கள் நள்ளிரவு பொது நேரத்தில் மாலை 6 மணி, உங்கள் ஐந்தரையைக் கூட்டினால் இரவு 11.30, மறுபடி முதல் நாள். நோயாளிகளில் ஒரு பெரிய பங்கு வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிற ஊர் வேலூர், காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்து இல்லாத இடத்தைத் தேட வேண்டும். இந்த ஊரில் ஒரு மென்பொருள் எல்லா நோயாளியும் இந்திய நேரத்தில்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்ளவே கூடாது.

இதில் ஐந்தரையா ஆறரையா என்பதை விட முக்கியமான விஷயம், பிறந்த தேதி ஒரு நேரமே கிடையாது என்பது. அது காலண்டரில் ஒரு நாள், அவ்வளவுதான். ரத்தம் எடுத்தது காலை 7.42 என்றால் அது ஒரு கணம், உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் அதே கணம், அதைப் பொது நேரத்துக்கு மாற்றலாம், எண்ணாக்கலாம், திருப்பி எடுக்கலாம். பிறந்த நாளுக்கு அந்த மாற்றமே பொருந்தாது. ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கென்று இருக்கும் டேட் என்ற வகை இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது, நாளைக் கொடுத்தாலும் அதை ஒரு கணமாகத்தான் பிடித்துக்கொள்ளும். பைத்தானில் நாளுக்கு டேட் தனி, நேரமும் சேர்ந்த கணத்துக்கு டேட்டைம் தனி. ஜாவாவில் 2014இல் எட்டாவது பதிப்போடு பிரித்தார்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் டெம்போரல் என்று புதிதாக ஒன்று வந்து இரண்டையும் பிரிக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2025இல் வந்துவிட்டது. எல்லா நோயாளியின் போனிலும் அது வந்து சேரும் வரை நீங்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எப்படி என்றால், பிறந்த தேதியை டேட்டாக மாற்றவே மாற்றாதீர்கள். பிரவுசரில் தேதிக்கென்று இருக்கும் இன்புட் தருவதே 1943-08-15 என்ற எழுத்துச் சரம்தான், அதை அப்படியே அனுப்புங்கள். பைத்தானில் டேட்டின் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும், டேட்டாபேஸிலும் தேதி வகை நெடுவரிசையாகவே வையுங்கள். நடுவில் நேர மண்டலம் நுழைய வழியே இல்லை. மாதத்தையும் எண்ணாகப் பிரித்து அனுப்பாதீர்கள், ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0, பைத்தானில் ஜனவரி 1. 1995இல் ஜாவாஸ்கிரிப்டை எழுதியபோது தேதிக்கான பகுதியை அன்றைய ஜாவாவைப் பார்த்துச் செய்தார்கள், ஜாவாவுக்கு முன்னால் சி மொழியிலும் மாதம் பூஜ்யத்தில்தான் தொடங்கியது, அந்த வழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. இதில் கஷ்டம் என்னவென்றால் பைத்தானில் பிப்ரவரி 30 என்று கொடுத்தால் உடனே பிழை காட்டி நிற்கும், ஜாவாஸ்கிரிப்ட் சத்தமே இல்லாமல் மார்ச்சுக்கு நகர்த்திவிடும். கிழமையும் அப்படித்தான், ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறு 0, பைத்தானில் கிழமையைத் தரும் வீக்டேயில் திங்கள் 0.

அந்த 1970 விவகாரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பெருக்கியதோடு விட வேண்டாம். இரண்டு மொழியும் 1970 ஜனவரி 1லிருந்துதான் எண்ணுகின்றன, ஆனால் பைத்தான் வினாடியில், ஜாவாஸ்கிரிப்ட் மில்லி வினாடியில். 170 கோடி என்ற எண் பைத்தானுக்கு 2023 நவம்பர் 14, ஜாவாஸ்கிரிப்டுக்கு 1970 ஜனவரி 20. பெருக்கியது சரிதான். ஆனால் புரோகிராமில் எங்கெங்கே பெருக்கினீர்கள், எங்கே விட்டீர்கள் என்று ஆறு மாதம் கழித்து வருகிறவருக்குத் தெரியாது. ரத்தம் எடுத்த நேரம், ரிப்போர்ட் வந்த நேரம் எல்லாவற்றையும் எண்ணாக இல்லாமல், பொது நேரத்தில், கடைசியில் பொது நேரம் என்று காட்டும் இசட் போட்ட எழுத்துச் சரமாக அனுப்புவது நல்லது. ஜாவாஸ்கிரிப்டின் டுஐஎஸ்ஓஸ்டிரிங் தருவதே அதுதான். பைத்தான் 3.11க்கு முந்தைய பதிப்பாக இருந்தால் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் அந்த இசட்டை ஏற்காது, சர்வரில் எது ஓடுகிறது என்று பாருங்கள்.

பைத்தான் பக்கம் யுடிசிநவ் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது பொது நேரத்தைத்தான் தரும், ஆனால் இது பொது நேரம் என்ற குறிப்பு அதில் இருக்காது, அதனால் அதை எண்ணாக்கும்போது பைத்தான் அந்தக் கணினியின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கும். உங்கள் லேப்டாப்பில் தப்பாக வரும், பொது நேரத்தில் ஓடும் கிளவுட் சர்வரில் சரியாக வரும், நீங்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தேடுவீர்கள். 3.12 பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பைத்தானே எச்சரிக்கிறது. நேர மண்டலத்தைச் சேர்த்துக் கேட்கும் நவ் இருக்கிறது, அதுதான் வேண்டும்.

சரி, ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகள். அந்த நீள எண்ணை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களே, பெரிய உதவி அது. ஐந்தரை கூட்டுவதை நிறுத்துங்கள். எண்ணைப் பொது நேரமாக்கி, அதோடு பன்னிரண்டு மணி நேரம் கூட்டி, நேரத்தை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுங்கள். பதிவான எல்லா எண்ணும் யாரோ ஒருவரின் நள்ளிரவு, அந்த நள்ளிரவு பெரும்பாலும் பொது நேரத்தில் மாலை 5.30க்கோ 6க்கோ 6.30க்கோ விழுந்திருக்கிறது. பன்னிரண்டு கூட்டினால் அவை எல்லாமே மறுநாள் விடிகாலைக்கு வந்துவிடும், அதுதான் சரியான பிறந்த தேதி. 1970க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு எண் மைனஸில் இருக்கும், விண்டோஸில், எண்ணைத் தேதியாக்கும் பைத்தானின் ஃப்ரம்டைம்ஸ்டாம்ப் மைனஸ் எண்ணுக்குப் பிழை காட்டுவது உண்டு, அதனால் 1970 ஜனவரி 1ஐ ஒரு டேட்டைமாக வைத்து அதோடு அந்த எண்ணை டைம்டெல்டாவாக, அதாவது ஒரு கால அளவாக, கூட்டுங்கள்.

மாற்றுவதற்கு முன் பொது நேரத்தில் எந்தெந்த மணிக்கு எத்தனை பதிவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். காலை நேரத்தில் ஏதாவது விழுந்திருந்தால் அது அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அங்கிருந்து அப்பாவுக்குப் பதிவு செய்ததாக இருக்கலாம், அதற்குப் பன்னிரண்டு கூட்டினாலும் பெரும்பாலும் சரியாகவே வரும், ஆனாலும் ஆதார் நகலோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஜனவரி 1 பிறந்தவர்களையும் தனியாக எடுங்கள். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு வருடத்தை மட்டும் வைத்து ஜனவரி 1 என்று போடுவது நம் பக்கம் சாதாரணம். அவர்களுக்கு ஒரு நாள் குறைந்தால் 1943 ஜனவரி 1 என்பது 1942 டிசம்பர் 31 ஆகிவிடும், வருடமே மாறிப்போகும். அணைக்கட்டிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பாட்டியின் ரிப்போர்ட்டில் ஒரு வருடமும் காப்பீட்டு அட்டையில் வேறு வருடமும் இருந்தால் கவுண்டரில் நின்று பதில் சொல்ல வேண்டியது அந்தப் பாட்டிதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏற்கெனவே அச்சிட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டுகளில் எவை தப்பு என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். பழைய தேதியும் புதிய தேதியும் வேறுபடும் பெயர்களை எடுத்து லேபிடம் கொடுங்கள், அவர்கள் போன் செய்து மாற்றிக் கொடுக்கட்டும். உங்கள் சீனியரிடம் 1943, 1944இல் பிறந்தவர்களின் பதிவு நாலைந்தை எடுத்து ஆறரை மணி நேரக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

அன்புடன்,
அக்கா