கூடலூரில் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

மனித மரபணுவைத் திருத்துவதற்கு அரசு விதி வகுக்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மரபணு என்றால் என்னவென்றே தெரியாதவர்களிடம் என்னத்தைக் கேட்பது? பயந்துபோய் வேண்டாம் என்பார்கள். பேசாமல் மொத்தமாகத் தடை போட்டுவிட்டால் வம்பில்லையே?

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஜனங்கள் அப்படி ஒன்றும் பயந்துவிடுவதில்லை. 2018இல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் என்ற கருத்துக்கணிப்பு அமைப்பு மக்களிடம் கேட்டது. பிறக்கப்போகும் குழந்தையின் கடும் நோயைத் தீர்க்க மரபணுவை மாற்றலாம் என்றவர்கள் 72 சதவீதம். பிள்ளை கூடுதல் புத்திசாலியாகப் பிறக்க மாற்றலாம் என்றவர்கள் 19 சதவீதம்தான். பிரித்துக் கேட்டால் பிரித்துத்தான் பதில் வருகிறது.

நீங்கள் ஊட்டி தாண்டி, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கிப் பாருங்கள். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பது முதலில் தெரியவந்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். இந்த மரபணுவால் வரும் அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்குக் குளிர் ஆகாது. வளைந்துபோன சிவப்பணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களை அடைத்து, கை கால் முதுகெல்லாம் வலி பிடுங்கும். அந்த வீட்டில் போய் 'மொத்தத் தடை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஏனென்றால் அந்தத் தடை முதலில் இவர்கள் தலையில்தான் விழும். இந்த நோய்க்காக 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த கேஸ்கெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையில், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை நோயாளியிடமிருந்து வெளியே எடுத்துத் திருத்தி, திரும்ப உடம்பில் செலுத்துகிறார்கள். திருத்தம் அவரோடு சரி, பிள்ளைகளுக்குப் போகாது. (அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். கூடலூருக்கு எப்போது வரும் என்று கேட்காதீர்கள்.)

கருவைத் திருத்துவது வேறு சங்கதி. 2018இல் சீனாவில் ஹ ஜியான்குயி என்ற விஞ்ஞானி அதைச் செய்து, இரட்டைக் குழந்தைகள் பிறந்து, அவர் சிறைக்கும் போனார். கருவில் செய்யும் திருத்தம் பேரன் பேத்தி வரைக்கும் இறங்கும். அதை இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகள் அனுமதிப்பதில்லை. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அரிவாள் செல் மரபணுவையே பாருங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. பரம்பரைக்கே துடைத்துவிட்டால் எது எதைச் சேர்த்துத் துடைக்கிறோம்?

2023இல் தொடங்கிய அரிவாள் செல் நோய் ஒழிப்புத் திட்டத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, அந்த மரபணு இருக்கிறதா என்று காட்டும் அட்டை கொடுக்கிறார்கள். ரத்தம் எடுக்கப் போகிறவர்களே நோயாளியின் செல்களைத் திருத்தலாமா, கருவைத் திருத்தலாமா என்ற இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு வரலாம். புரியுமா என்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வீட்டு அட்டைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி அவர்களுக்கு ஆலோசனை தரப்படுகிறது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு தெரியும்?