ஊசி, சிறை, விடுதலை: கணக்குப் போடுவது எப்படி?

போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள் எப்போது, எத்தனை முறை சிறைக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்பதைக் கணித மாதிரியாக எழுதுவது பற்றிக் காவிரிப் படுகையிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூர், புள்ளியியல் மாணவி: ஐயா, ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை முறை சிறை செல்கிறார் என்று கண்டால் போதாதா?

போதாதம்மா. ஆண்டு மழையைப் பன்னிரண்டால் வகுத்து வைத்துக்கொண்டு யாரும் சம்பா நடுவதில்லை. ஒருவர் ஒரே முறை உள்ளே போய்வந்து அத்தோடு விட்டுவிடுவார். இன்னொருவர் இருபதுகளில் அடிக்கடி போய், முப்பதைத் தாண்டியதும் நின்றுவிடுவார். வேறொருவருக்கு அது ஓயாது. இந்த மூவரின் சராசரி எவருடைய வாழ்க்கையும் அல்ல. ஒத்த பாதையில் போகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கும் முறை இதற்குத்தான். ஊசியில் போதை ஏற்றுபவர்களைப் பற்றி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1988இல் தொடங்கிய அலைவ் (ALIVE) ஆய்வைப்போல, அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவு அதற்கு வேண்டும்.

திருச்சி, ஆய்வு மாணவர்: கைதுகளை எண்ணி, ஆட்களைக் கவனித்த மொத்த ஆண்டுகளால் வகுத்தேன். வழிகாட்டி ஏற்கவில்லை. ஏன்?

உள்ளே இருப்பவரை மறுபடி உள்ளே அனுப்ப முடியாது, தம்பி. ஒருவரை 365 நாள் கவனித்தீர்கள். இரண்டு முறை கைது, 200 நாள் சிறை. வகுக்க வேண்டியது வெளியே இருந்த 165 நாளால். அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 2 என்ற வீதம் 4.4 ஆகிவிடும். விசாரணைக் கைதியாக இருந்த நாளும் சிறைநாள்தான். தீர்ப்பு வந்த பிறகான நாட்களை மட்டும் கழிப்பது வழக்கமான பிழை. இன்னொன்று: வீதம் வேறு, நிகழ்தகவு வேறு. ஆண்டு வீதம் 0.6 என்றால், ஓராண்டுக்குள் ஒரு முறையாவது கைதாகும் வாய்ப்பு 60 அல்ல, ஏறத்தாழ 45 விழுக்காடு.

கும்பகோணம், வழக்கறிஞர்: சட்டம் இந்த மாதிரிக்குள் வருமா?

வராவிட்டால் மாதிரியே இல்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. 64ஏ பிரிவோ, தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க வழிவைக்கிறது. எனவே மாதிரியை வரைபடமாகப் போடும்போது, கைதிலிருந்து சிறைக்கு ஓர் அம்பு, சிகிச்சைக்கு ஓர் அம்பு. ஹெராயினில் 5 கிராம் வரை சிறிய அளவு, 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவுக்கு ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனவே எல்லா வழக்குகளின் சிறைநாட்களையும் ஒரே சராசரியில் அடைக்காதீர்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொண்ட வழக்குகளில் எந்தச் சட்டம் போடப்பட்டது என்பதையும் தனியே குறித்துவையுங்கள்.

நாகப்பட்டினம், செவிலியர்: விடுதலைக்குப் பிந்தைய நாட்களை ஏன் தனியாகப் பார்க்கிறீர்கள்?

உயிர்கள் போவது அங்கேதான். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வந்தவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் இறப்பு அபாயம் அம்மாநிலத்தின் பிற மக்களைவிட 12.7 மடங்கு என்று கண்டது. போதை மருந்தின் அளவு மிஞ்சி இறக்கும் அபாயம் மட்டும் 129 மடங்கு. வெளியே, கைது, சிறை என ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாய்ப்பைக் கணக்கிடுவது மார்கோவ் மாதிரி. அதன் சாதாரண வடிவத்துக்கு நினைவாற்றல் கிடையாது: நேற்று வெளியே வந்தவரும் மூன்றாண்டுக்கு முன் வந்தவரும் அதற்கு ஒன்றே. ஆகவே ‘விடுதலையான முதல் இரு வாரம்’ என்று தனி நிலை வையுங்கள். மாதிரி ஒவ்வொரு முறையும் நகரும் கால அடியும் வாரமாக இருக்கட்டும். மாதமாக வைத்தால் அந்த இரு வாரம் காணாமல் போய்விடும்.

திருவாரூர், ஒரு தாய்: என் மகன் சிறையிலிருந்து வரப்போகிறான். இந்தக் கணக்கால் எனக்கு என்ன பயன்?

பயன் உண்டம்மா. சில மாதம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு பழகிய அதே அளவு இப்போது கொல்லும். இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்துக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையான புப்ரெனார்ஃபின் சிகிச்சை பற்றி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவர் வருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். எழுப்பியும் எழாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108. மூச்சு இருக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மன்னார்குடி: இந்தக் கணக்குகளைப் போட எந்த மென்பொருள்?

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள். அதில், நிலை மாறும் மாதிரிகளுக்கான எம்எஸ்எம் (msm) தொகுப்பு. இலவசம்.

மயிலாடுதுறை: யார் மறுபடி சிறைக்குப் போவார் என்று பட்டியலிட்டுக் காவல்துறைக்குக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. கைதுத் தரவில் இருப்பது ஆளின் நடத்தை மட்டுமல்ல, ரோந்து எந்தத் தெருவில் சுற்றியது என்பதும்தான். பட்டியல் போனால் அந்த வீட்டு வாசலில் ரோந்து கூடும், கைது கூடும், மாதிரி பலித்துவிட்டது என்பீர்கள். பட்டியல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், விடுதலைத் தேதிகளைச் சிகிச்சை மையத்துக்குக் கொடுங்கள். அதுவும் சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் மட்டும்.