ரிசப்ஷனில் சேரும் பிள்ளைக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுக்கலாமா?

தம்பி, இங்கிலாந்தில் வாடகை, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் எல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். செப்டம்பரில் ரிசப்ஷன், அதாவது இங்குள்ள பள்ளியின் தொடக்க வகுப்பில் சேரும் மகளுக்கு இப்போதே ஏபிசிடியும் ஸ்பெல்லிங்கும் பழக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில். வேண்டாம். 'எம் ஏ பி, மேப்' என்று நாம் ஒப்பித்த முறை இங்கே பிள்ளையைக் குழப்பும்.

வாசிக்கக் கற்பிப்பது பற்றி ஜிம் ரோஸ் அரசுக்குக் கொடுத்த 2006 அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்துப் பள்ளிகள் ஃபோனிக்ஸுக்கு, அதாவது எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துப் படிக்கும் முறைக்குப் போய்விட்டன. அதற்கு முன், படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து மிச்சத்தை ஊகி என்பார்கள். அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இன்னமும் அதையே யோசனையாகச் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது எழுத்தின் பெயருக்கு முன் ஒலி. அகரவரிசையும் கிடையாது. பல பள்ளிகளில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்றுதான் தொடக்கம்; இந்த ஆறிலேயே டேப், பின், நேப் எல்லாம் படித்துவிடலாம். நம்மவர்கள் சறுக்குவது ஒலியில்தான். 'ம' என்று சொல்லாதீர்கள், 'ம்' என்று சொல்லுங்கள். 'ம-ஏ-ப' என்றால் பிள்ளை எத்தனை முறை சேர்த்தாலும் 'மேப்' வராது. புள்ளி வைத்து எழுதிப் பழகிய நமக்கு இது சுலபமாக வரவேண்டும்.

ஒலி சேர்க்கும் பழக்கத்தைத் தமிழிலேயே தொடங்கலாம். 'ப்-ஆ-ல் குடிக்கிறியா?' என்று கேளுங்கள், அவள் 'பால்' என்று சொல்லட்டும். ஆங்கிலம் வரவேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்துகிறார்களே, அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

ரிசப்ஷனுக்கு அடுத்த வகுப்பான இயர் 1இல், ஜூனில் ஃபோனிக்ஸ் சோதனை, 2012 முதல் நடக்கிறது. 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாதவை, பக்கத்தில் வேற்றுக்கிரக ஜந்துவின் படம் இருக்கும். இதுவரை பெரும்பாலும் 32 எடுத்தால் போதும் என்றே வைத்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் இயர் 2இல் மறுபடி. ஊகித்துப் படிக்கும் பிள்ளை இங்கே மாட்டும்: 'ஸ்ட்ராம்' என்றிருப்பதைத் தெரிந்த சொல்லாக்கி 'ஸ்டார்ம்' என்றுவிடும். இதற்கு டியூஷன் வைக்கிறவர்களும் உண்டு. வீண் செலவு.

படம் பார்த்து ஊகிக்கச் சொன்ன காலத்துப் பழைய கதைப்புத்தக செட் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அவள் ஊகிக்கிறாளோ என்று சந்தேகமிருந்தால் படத்தைக் கையால் மூடிப் படிக்கச் சொல்லுங்கள். திணறினால் அதுவரை படித்தது படத்தை. பள்ளி தரும் புத்தகத்தை அவள் தினம் பத்து நிமிடம் படிக்கட்டும், கதைப்புத்தகம் நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஒரே புத்தகம் வாரம் முழுக்க வந்தால் டீச்சரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். தடங்கலில்லாமல் வாசிக்க வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள்.