கண்மாய்க் கரையில் வீடு வைத்திருப்பவர்கள் சேர்ந்து சங்கம் நடத்த முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலோர் வெளியூரில் இருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள். எல்லோரும் சேர்ந்து ஊதியம் வாங்காமல் ஒரு சங்கம் நடத்துவது நடைமுறையில் சாத்தியமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

சாத்தியம்தான். ஆனால் கூட்டமும் வசூலும் வீட்டுக்காரர்களின் விடுமுறையை ஒட்டி அமைந்தால் சங்கம் பெயருக்கு இருக்குமே தவிர கண்மாய்க்கு உதவாது. அவை மழையை ஒட்டி அமைய வேண்டும். இராமநாதபுரம் கடற்கரையோரம், பாக் நீரிணைப் பக்கமுள்ள ஒரு சிறு கண்மாயின் கரையில் இருக்கும் முப்பத்து நான்கு வீடுகளுக்கான சங்கத்தில் இரண்டு ஆண்டுகள் பொருளாளராகவும் ஆறு ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. கீழே வரும் சில செய்திகள், இன்றும் நான் முகம் பார்த்துப் பேச வேண்டிய மனிதர்களைப் பற்றியவை.

எங்கள் கண்மாய்க்கு வைகைத் தண்ணீரில் பங்கு கிடையாது. முழுக்க வானம் பார்த்த கண்மாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் எது வந்து சேர்கிறதோ அதுதான் அந்த ஆண்டுக்கு. நல்ல மழையென்றால் பொங்கல் வரை தளும்பி நிற்கும். சித்திரை பிறப்பதற்குள் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். கரையின் மேட்டுப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் பழைய தென்னந்தோப்புகளில் எழும்பிய வீடுகள். உரிமையாளர்கள் சென்னையிலும் மதுரையிலும் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் வருவார்கள். கண்மாய்க்கு ஆள் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரையில் இருப்பது காவல்காரர்களும், ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்ட எங்களைப் போன்ற இரண்டு மூன்று குடும்பங்களும்தான்.

பதிவு செய்வதில் பெரிய சிரமமில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் அமைக்கலாம். நிர்வாகக் குழுவில் மூவருக்குக் குறையக்கூடாது. ஒரு குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுகளைத் தாண்டக்கூடாது, ஆனால் அதே ஆட்களை மறுபடி தேர்ந்தெடுக்கலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாள்களைச் சரியாகக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். நாங்கள் இடறியது, சங்கத்தின் நோக்கம் என்று எழுதிய ஒரே ஒரு வரியில். "கண்மாயை நிர்வகித்தல்" என்று எழுதியிருந்தோம். ஊர்க் கூட்டத்தில், கண்மாய்த் தண்ணீரில் வயல் பாயும் ஆயக்கட்டுக்காரர் ஒருவர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கண்மாய நீங்க நிர்வாகம் பண்ணுனா நாங்க என்னத்தப் பண்றது?" என்றார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. தண்ணீரில் உரிமை ஆயக்கட்டு வயல்களுக்கு. மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவர் வேறொருவர். கண்மாயில் தண்ணீர் நிற்கும் பரப்பான உள்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல மரத்தை வெட்டுவதென்றாலும் அதற்கும் அனுமதியும் ஏலமும் உண்டு. கரையில் வீடு இருக்கிறது என்பதால் கண்மாயில் நமக்குக் கிடைப்பது காற்றும் காட்சியும்தான். "நிர்வகித்தல்" என்பதை "ஊராட்சியுடனும் ஆயக்கட்டுதாரர்களுடனும் ஒத்துழைத்தல்" என்று மாற்றி எழுத எங்களுக்கு ஓராண்டு ஆனது, அதற்குள் பாதிப் பேரின் முகம் திரிந்துபோனது. நீங்கள் முதல் நாளே சரியாக எழுதிவிடுங்கள்.

இனி மழைக்கு வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளும் பொதுக்குழுவை மே மாதத்தில் கூட்டினோம், ஏனென்றால் அப்போதுதான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். மே மாதத்தில் கண்மாய் வெடித்துக் கிடக்கும், மாடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எதைப் பேசுவார்கள்? தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா, சாலைக்குத் தார், யார் வீட்டு நாய் குரைக்கிறது. தண்ணீரைப் பற்றி இரண்டு கூட்டங்களிலும் ஒரு தீர்மானம்கூட இல்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். தண்ணீர் திறக்கும் மடையையும் மிகுநீர் வழியும் கலுங்கையும் தலைமுறையாகப் பார்த்துவரும் நீர்பாய்ச்சிப் பெரியவர் ஒருநாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "மே மாசம் கூட்டம் போட்டா வேலியப் பத்தித்தான் பேசுவீக தம்பி. ஐப்பசியில வந்து நில்லுங்க, தண்ணி எது வழியா வருதுன்னு அப்பத் தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினேன்.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் உடைத்துக்கொண்டு தோப்புக்குள் தண்ணீர் போகிறது என்று காவல்காரர் வந்து கதவைத் தட்டினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஆறடி அகலமுள்ள கால்வாயின் குறுக்கே ஒரு வீட்டு வாசலுக்குக் கார் ஏறுவதற்காகக் கான்கிரீட் சாய்தளம் போட்டிருக்கிறது. அதன் அடியில் தண்ணீர் போவதற்கு எட்டு அங்குலக் குழாய் ஒன்று. அதன் வாயில் தென்னம்பாளையும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்திருந்தன. பெரியவர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவி இழுத்தபோது கடைசியாக ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பு வந்தது. அடைப்பு எடுத்தும் பயனில்லை, எட்டு அங்குலத்தில் எவ்வளவுதான் போகும்? பக்கத்துத் தோப்பின் ஓரமாக விடியும் வரை மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினோம். வெட்டியவர்களில் பாதிப் பேர், ஊர்க் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆயக்கட்டுக்காரரும் அவருடைய ஆட்களும். இரண்டு வீடுகளுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்தது. கண்மாய் அந்த ஆண்டு பாதிதான் நிறைந்தது.

சாய்தளம் போட்டவர் வெளிநாட்டில் இருந்தார். மறுநாள் தொலைபேசியில் அவர் கோபப்பட்டார், ஆனால் உடைக்கச் சொன்னதற்காக அல்ல. "வேலை நடக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேனே அண்ணே, பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள், ஒருவராவது சொன்னீர்களா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்னுடையது.

அதன்பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். பொதுக்குழுவைப் பொங்கல் வாரத்துக்கு மாற்றினோம். கண்ணெதிரே தண்ணீர் நிற்கும்போது மக்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள், இதைவிடப் பெரிய தந்திரம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று வரத்துக்கால் தொடங்கும் இடத்திலிருந்து கலுங்கு வரை நடந்து, குறுக்கே இருக்கும் ஒவ்வொரு குழாயையும் பாலத்தையும் அளந்து எழுதி, ஊரில் இல்லாத உரிமையாளருக்குப் படத்துடன் அனுப்பினோம். நடையில் கண்டதை மனுவாக்கி அக்டோபர் 2 கிராமசபையில் கொடுத்தோம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. அவற்றில் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவது இதுதான். அங்கே தீர்மானமாக ஏறிய ஒரு வேலைக்கும், சங்கத் தலைப்புத் தாளில் நாம் அனுப்பும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓராண்டில் நீங்களே உணர்வீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆண்டுச் சந்தா எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டின் பரப்புக்கு ஏற்ப வசூலிக்கலாம் என்று ஒருமுறை முயன்று, யார் வீடு எத்தனை சதுர அடி என்ற வழக்கிலேயே நான்கு மாதம் போனது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து வேண்டும், அவர்களில் ஒருவர் ஊரிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மண்வெட்டி ஆளுக்குக் கூலி கொடுக்கத் துபாயிலிருந்து கையெழுத்து வரும்வரை காத்திருக்க நேரும். மாதம் ஒருமுறை கணக்கு நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். அழகான அட்டவணை தேவையில்லை, கையெழுத்தில் இருந்தால்தான் நம்புகிறார்கள். நிபந்தனையோடு வரும் பெருந்தொகையை வாங்காதீர்கள். ஐந்தாண்டுச் சந்தாவை மொத்தமாகத் தருகிறேன், கரைப் பாதையில் வாயிற்கதவு போடுங்கள் என்று ஒருவர் கேட்டார்; அந்தப் பாதையில்தான் ஊர் ஆட்கள் மாடு ஓட்டிப் போகிறார்கள்.

எல்லைப் பிரச்சினை வந்தே தீரும். உள்வாய் என்பது நீர்நிலைப் புறம்போக்கு. அதில் நீண்டிருக்கும் சுற்றுச்சுவர் எத்தனை ஆண்டுப் பழையதாக இருந்தாலும் ஆக்கிரமிப்புதான். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தொடங்கி, பொதுப்பணித் துறை ஏரிகளுக்கென்றே 2007-இல் வந்த சட்டம் வரை இதைத்தான் சொல்கின்றன. நாங்கள் ஒரு புகாரின் பேரில் ஒரே வீட்டை மட்டும் அளக்கப் போனோம், அது பெரும் பிழை. அந்த வீட்டுக்காரர் எல்லா வீடுகளையும் அளக்கச் சொன்னார். பணம் கட்டிச் சர்வேயரை வரவழைத்து, புல வரைபடத்தை விரித்துச் சங்கிலி போட்டபோது, புகார் சொன்ன எங்கள் அப்போதைய தலைவரின் சுவரே பதினோரு அடி உள்ளே இருந்தது. அவர் சுவரை இடித்துப் பின்னால் கட்டிக்கொண்டார், பதவியையும் விட்டார். இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. புகார் வருவதற்கு முன்பே, எல்லோரையும் ஒரே நாளில், சங்கச் செலவில் அளந்துவிடுங்கள். இன்னொன்று: எங்கள் கண்மாய் கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. உங்களுடையது உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும். புதிய அறை கட்ட நினைக்கும் உறுப்பினரை முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடற்கரை மாவட்டம் என்பதால் நிலத்தடி நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், கனத்த உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே மேலே ஓரடி இறங்கும்படி இறைத்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரக் காத்திருக்கிறது. எங்கள் அம்மா காலத்துப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பியது தண்ணீர் குறைவாக இருந்ததால் மட்டும் என்று நினைத்திருந்தேன். அதிர இறைத்தால் உவர்த்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிணறு போதும், ஆழ்குழாய் வேண்டாம் என்பதைத் துணைவிதியில் சேர்த்தோம். ஏற்கெனவே போட்டிருந்த நால்வர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற இந்தியத் தர அளவையும் சேர்த்தோம். விடுமுறைக்கு மட்டும் வரும் வீடுகளில் இது யாருக்கும் தோன்றுவதில்லை. பொங்கலன்று ஒரே வீட்டில் இருபத்தைந்து பேர் தங்கும்போதுதான் தெரியும்.

பறவைகளால் எங்களுக்குச் சண்டை வரவில்லை. எங்கள் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள் 2025-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தியும், பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்களின் வழக்கமும் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், கரையில் வெடியும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்ற தீர்மானம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. கூழைக்கடா வந்திறங்கும் நாளில் பிள்ளைகள் தாமாகவே வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

ஊதியமில்லாத வேலையில் ஆட்கள் சோர்வது உழைப்பினால் அல்ல. எல்லா வேலையும் எல்லோருடைய வேலையாக இருப்பதால்தான். எங்களில் ஒருவருக்குக் கலுங்கு மட்டும், ஒருவருக்குச் சர்வே கற்கள் மட்டும், ஒருவருக்குக் கணக்கு மட்டும். நீர்பாய்ச்சியையும் ஆயக்கட்டுக்காரர் இருவரையும் காவல்காரர் ஒருவரையும் சந்தா இல்லாத உறுப்பினர்களாக்கிக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, "நம் வீட்டுக் காவலாளி நம் செலவைக் கேள்வி கேட்பதா?" என்றுகூட ஒருவர் எழுதினார். கேட்கத்தான் செய்தார், இரண்டு முறை அவர் கேட்டது சரியாகவும் இருந்தது.

உங்களுடையது பன்னிரண்டு வீடுகள். உறுப்பினர் இருபது பேரை எட்டினாலோ ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயமாகிறது என்பதால், அதை நாள்கடத்த வேண்டாம். ஆனால் பதிவுக்கு ஓடுவதற்கு முன்னால், வருகிற ஆகஸ்டில் ஊரில் இருக்கும் இரண்டு பேரையும், தண்ணீர் பாய்ச்சுகிறவர் யாரோ அவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு அளவு நாடாவோடு வரத்துக்காலின் தலைமாட்டிலிருந்து நடங்கள். எத்தனை குறுக்குக் குழாய்கள், ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், யார் வீட்டு வாசலில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைத்தான் எங்கள் புதிய செயலாளர் இந்தப் பொங்கலன்று என்னிடமிருந்து முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார். முத்திரையும் வங்கிப் புத்தகமும் இன்னும் என் மேசையில்தான் கிடக்கின்றன.