கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில், நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை ஏன் விட்டுவிட்டார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மோதிரம் எவரையும் ஆட்டிப்படைக்கும் என்ற அச்சத்தில்தான் கதை நிற்கிறது. மாட்டியவர் கண்ணுக்கு மறைந்துபோவார். பாம்படிலோ அதை விரலில் மாட்டியும் மறையாதவர். ஆரம்பத்திலேயே அவர் வந்தால் அந்த அச்சம் கலைந்துவிடும். நாவலில் அவர் அழகு. படத்தில் நீக்கியதே சரி.

கேள்வி: கடையில் ஜிபே செய்தேன். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரர் வரவில்லை என்கிறார். மறுபடி அனுப்பலாமா?
– வாசகர், தேனி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் செயலியில் நிலையைப் பாருங்கள். ‘சக்சஸ்’ என்றிருந்தால் 12 இலக்க யுடிஆர் எண்ணை (பரிவர்த்தனை எண்) காட்டி, அவருடைய கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி பேசாததை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அதிலுள்ள சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் பெட்டி பேசாது. ‘பெண்டிங்’ என்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பிறகு பணம் சேர்ந்தால் திரும்பக் கேளுங்கள். சேராத பணம் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி.

இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். “பணத்தைத் திருப்பித் தருகிறோம்” என்று யார் அழைத்தாலும் பின் நம்பரைப் போடாதீர்கள். பணம் பெற அது தேவையே இல்லை. போட்டுவிட்டீர்களா, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.