பூண்டு, மஞ்சள், கிராம்பு: கிருமியைக் கொல்லுமா?

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: பூண்டு இயற்கை ஆன்டிபயாடிக் என்கிறார்களே, நிஜமா அண்ணா?

பதில்: பாதி நிஜம். முழுப் பல்லில் கிருமியை அடக்கும் சரக்கு கிடையாது. நசுக்கும்போதுதான் உள்ளே இருக்கும் ஒரு நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகிறது, நசுக்கியதும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். 1944ல் அமெரிக்காவில் கவாலிட்டோவும் பெய்லியும் இதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை அடக்குவதைக் காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் அடக்கும், சரி. ஆனால் முழுசாகக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பச்சையாக மென்றாலும் அல்லிசின் அப்படியே ரத்தத்தில் போய்ச் சேராது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பூண்டை உரித்து எண்ணெயில் போட்டு வெளியே வைத்தால் கெடாதுதானே?

பதில்: ஐயோ, அதைச் செய்யாதீர்கள். மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத இடம்தான் வேண்டும், எண்ணெய் அதைத்தான் செய்து கொடுக்கிறது. 1985ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், பிரிட்ஜில் வைக்காத பாட்டில் பூண்டு (நறுக்கி சோயா எண்ணெயில் போட்டது) மூலம் 36 பேருக்குப் பொட்டுலிசம் (இந்த பாக்டீரியாவின் நச்சால் தசைகள் செயலிழக்கும் ஆபத்தான நோய்) வந்தது. கிருமியைக் கொல்லும் என்று பேர் வாங்கிய பூண்டிலேயே! நம்ம ஊர் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ, உப்போடு சேர்ந்து காப்பாற்றுகிறது. புளிப்பு போதுமான அளவு, அதாவது பி.ஹெச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்த பாக்டீரியா வளராது. எண்ணெய்ப் பூண்டு வேண்டுமென்றால் பிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வெட்டுக்காயத்தில் மஞ்சள்தூள் வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. மஞ்சளின் முக்கியச் சரக்கான குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது. அதைவிட முக்கியம், கடையில் வாங்கும் தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல. காய்ந்த மசாலாவில் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும், சில சமயம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவும். 2009-10ல் அமெரிக்காவில் சலாமி இறைச்சியின் மேல் பூசிய மிளகு வழியாக சால்மொனெல்லா 200 பேருக்கும் மேல் பரவியது. காயத்துக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்.

கேள்வி: கிராம்பு எண்ணெய் பல்வலிக்கு?

பதில்: கிராம்பு எண்ணெயின் முக்கியச் சரக்கான யூஜெனால் மரத்துப்போகச் செய்யும், கிருமியையும் அடக்கும். பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடோடு கலந்து தற்காலிகமாக அடைக்கிறார்கள். சொத்தை மட்டும் அப்படியே இருக்கும்.

கேள்வி: வெங்காயத்தை வெட்டி அறை மூலையில் வைத்தால் காய்ச்சல் கிருமியை இழுக்குமாமே?

பதில்: இழுக்காது. பொரியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழங்கால மருந்து எதுவுமே வேலை செய்யாதா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் பத்தாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றில் கண்கட்டிக்கு ஒரு மருந்து: பூண்டு, வெங்காய வகை, ஒயின், மாட்டின் பித்தநீர், ஒன்பது நாள் ஊறல். 2015ல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் அதை அப்படியே செய்து பார்த்தபோது, மருந்துக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை நன்றாகவே கொன்றது. தனித்தனிப் பொருளுக்கு அந்த வீரியம் இல்லை, கலவைக்குத்தான். அதற்காக யாரும் வீட்டில் அரைத்துக் கண்ணில் விட்டுவிடாதீர்கள், எரிச்சலில் கார்னியா (கருவிழியின் முன்படலம்) போய்விடும்.